சப்வூஃபருக்குள் குடிபோன குரல்கள்

தூத்துக்குடியில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கடற்பட்சி அடுக்ககத்தில், ஜனவரி மாதத்து முதல் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஜொவிட்டா தன் ஸ்பீக்கர்களோடு, அடிச்சத்தத்துக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரை இணைத்து அதன் பின்பக்கத்துக் குமிழை முழுக்கத் திருகினாள், அந்த நிமிஷமே பன்னிரண்டு வீடுகளிலும் குடியிருந்த ஆண்கள் அத்தனை பேருடைய குரலிலிருந்தும் அடிப்பாகம் மட்டும் கழன்று, சுவர் கதவு எதையும் பொருட்படுத்தாமல் வந்து, அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. மேல்பாகம் அவரவர் வாயிலேயே தங்கிவிட்டது. யாருக்கும் வலிக்கவில்லை. முதல் மாடியில் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஜொவிட்டாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஆறிலிருந்து மதியம் வரை வருகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு மெல்லிசைக் குழுவில், பாட்டை அடியிலிருந்து தாங்குகிற பேஸ் கிடார் வாசித்திருக்கிறாள். பாடுகிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ் அடிக்கிறவரைப் பார்ப்பார்கள், டிரம்ஸ்காரர் தண்ணீர் குடிப்பதைக்கூடப் பார்ப்பார்கள். பேஸ் கிடாரை மட்டும் யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் அது ஒரு நொடி நின்றால் கூட்டம் முழுக்க என்னமோ குறைகிறதே என்று காலைத் தேய்க்கும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கிடாரை விட்டுவிட்டாள். விடு என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் வைத்து வாசித்தால் அவள் காதுக்கே கேட்கவில்லை, அவ்வளவுதான், ஏனென்றால் அவள் புருஷன் ரெமிஜியஸ் வீட்டில் இருந்தார்.

ரெமிஜியஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிறவன் மூக்கில் விரல் விட்டால், இந்தக் கோடியிலிருந்து மைக் இல்லாமலே விரலை வெளியே எடுக்க வைக்கிற குரல் அவருக்கு. கர்த்தர் அந்தக் குரலைக் கொடுத்தபோது கூட்டிக் குறைக்கிற வசதியைக் கொடுக்க மறந்துவிட்டார், ஆகவே உப்பு கேட்பதும் அதே குரலில்தான், ஜெபம் சொல்வதும் அதே குரலில்தான். பாவசங்கீர்த்தனத்தில் அவர் சொல்கிற பாவங்கள் கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வரைக்கும் கேட்கும் என்பதால், அவரைப் பற்றிப் புறம் பேச ஊரில் யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. பதினோரு வருஷமாகக் குடியரசு தினத்தன்று மாவட்ட மைதானத்தில் மாணவர் அணிவகுப்புக்குக் கட்டளை கொடுப்பவரும் அவர்தான். வருஷத்தில் அந்த ஒரு காலைக்காகத்தான் மற்ற நாட்களை அவர் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னாலும் தப்பில்லை.

கிறிஸ்துமஸுக்கு மஸ்கட்டிலிருந்து ஜொவிட்டாவின் தங்கை ஒரு ஜோடி ஸ்பீக்கர் அனுப்பினாள். தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், எல்லாம் ஸ்பீக்கருக்குள்ளேயே இருக்கிறது, ப்ளக்கில் மாட்டி வைஃபையில் சேர்த்துவிட்டால் போனில் தேடுகிற பாட்டு அதில் பாடும். ஜொவிட்டா வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மதியமும் கேட்டாள். வயலின் வந்தது, புல்லாங்குழல் வந்தது, பாடுகிற அம்மாள் அடுத்த வரிக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூட வந்தது. பேஸ் கிடார் மட்டும் வரவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், கல்யாண வீட்டில் ஒருவருக்காகப் பிடித்து வைத்த நாற்காலி மாதிரி, ஒரு காலி இடம் இருந்தது. ஒரு வாரம் அந்தக் காலி இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவள் ஒரு சப்வூஃபருக்கு ஆர்டர் போட்டாள்.

"வீட்ல சத்தத்துக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்றார் ரெமிஜியஸ், அட்டைப்பெட்டி வந்து இறங்கியபோது.

"நீங்க சத்தம். இது பேஸ்" என்றாள் ஜொவிட்டா.

வேலை சுலபம்தான். வலது ஸ்பீக்கரின் முதுகில் சப்வூஃபருக்கென்றே ஒரு துளை இருந்தது. அதிலிருந்து பெட்டியின் முதுகுக்கு ஒரு வயர், பெட்டிக்கு ஒரு ப்ளக். ஆனால் அறையில் எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு என்று எங்கேயோ படித்திருந்தாள்: பெட்டியைத் தூக்கி நாம் உட்காரும் நாற்காலியில் வைத்துவிட்டு, பாட்டைப் போட்டு, தரையில் தவழ்ந்தபடி சுவரோரமாகச் சுற்றிவர வேண்டும்; எந்த மூலையில் அடிச்சத்தம் தெளிவாகக் கேட்கிறதோ அதுதான் பெட்டிக்கு இடம். அவள் நைட்டியை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, காதைத் தரைக்குப் பக்கத்தில் வைத்து, அலமாரி வரைக்கும் தவழ்ந்துபோயிருந்தபோது ரெமிஜியஸ் உள்ளே வந்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"பேஸ் எங்க நல்லா விழுதுன்னு பாக்கேன்."

"விழுந்தா எந்திரிக்க வேண்டியதுதான. எதுக்குத் தவழுத?"

அவள் எழுந்து, பெட்டியைத் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே இறக்கி வைத்தாள். எந்த அளவுக்குக் கீழே இருக்கிற சத்தமெல்லாம் பெட்டிக்குள் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற குமிழ் ஒன்று பின்னால் இருந்தது. அது கொஞ்சம் இறுக்கமாக இருக்கவே, அழுத்தித் திருகினாள், கடைசி வரைக்கும் போய் நின்றது.

"டீ போடுதியா?" என்றார் ரெமிஜியஸ்.

வார்த்தைகள் அவர் வாயிலிருந்து, பிளாஸ்டிக் பொம்மையை அமுக்கினால் வருகிற குரலில் வந்தன. அந்த வார்த்தைகளின் கனம் மட்டும், ஒரு எழுத்துகூட இல்லாத வெறும் உறுமலாக, ஆண்டவர் படத்துக்குக் கீழே இருந்து வந்தது. ரெமிஜியஸ் சுவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பெட்டி செருமியது. உள்ளே போய் உப்புத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தார். கூடத்தில் பெட்டி களகளவென்று கொப்பளித்தது. ஜொவிட்டா டீ போட்டாள்.

அரை மணி நேரத்துக்குள் படிக்கட்டு நிறைந்துவிட்டது. முதலில் வந்தவர் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் பால்துரை, போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயைத் திறக்கவில்லை. மனைவி புஷ்பகாந்திதான் பேசினாள்.

"ஜொவிட்டாக்கா, இவியளுக்கு மத்தியானத்துலேர்ந்து தொண்டை ஒரு மாதிரியா இருக்கு. ஒங்க வீட்ல என்னமோ பெட்டி வச்சிருக்கியளாம், அதுக்குள்ள இவிய இருமுதது கேக்குன்னு கீழ்வீட்ல சொல்லுதாவ."

"இருமச் சொல்லு, பாப்போம்."

பால்துரை இருமினார். பெட்டி இருமியது. பால்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தொன்பது வருஷம் எத்தனையோ பேரை அந்த இருமலாலேயே உட்கார வைத்தவர்.

அணைத்துப் பார்க்கலாம் என்று ஜொவிட்டா ஸ்விட்சை அணைத்தாள். குரல் யாருக்கும் திரும்பவில்லை. அடிப்பாகம் பெட்டியிலும் இல்லாமல் எங்கேயும் இல்லாமல் போனது. மதியம் சாப்பிட்ட மீனுக்கு அந்த நேரம் பார்த்து பால்துரைக்கு ஒரு ஏப்பம் வந்தது, வாய் திறந்தது, வயிறு குலுங்கியது, சத்தம் வரவில்லை, அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "போடும்மா, போட்டு வையி" என்றார் கீச்சென்று.

குமிழைத் திரும்ப இறக்கிப் பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. ரேடியோ செட் கட்டுகிற மைதீனைக் கூட்டி வந்தார்கள். ஊரில் பாதிக் கல்யாணங்களுக்கும் எல்லாக் கட்சிக் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி வைப்பவர் அவர். எதற்கும் அவசரப்படாத மனுஷன். வயரைக் கழற்றி ஊதினார், மாட்டினார், மீட்டர் வைத்துப் பார்த்தார், பால்துரையை மறுபடி இருமச் சொன்னார், தலையை ஆட்டினார்.

"யக்கா, கனெக்சன் சரியா இருக்கு" என்றார்.

"அப்போ சரி பண்ணிருங்க" என்றார் ரெமிஜியஸ்.

"மாஸ்டர், தப்பா இருந்தா சரி பண்ணலாம். சரியா இருக்கத நான் என்ன செய்யது? கீழ்ச்சத்தம் எல்லாம் பெட்டிக்குப் போவணும், மேல்சத்தம் எல்லாம் மேல நிக்கணும். அது வேலையத்தான் அது பாக்குது. பொம்பளையாள் குரல் அந்த எல்லைக்கு மேல, அதனால தப்பிச்சிட்டாவ. வயர மட்டும் அறுத்துராதிய. அறுத்தா உள்ள இருக்கதுக்கு வழி இல்லாமப் போவும், பெறவு என்னையக் கேக்கக் கூடாது."

இரண்டாம் மாடி வனஜா டீச்சருக்கும் குரல் போயிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருவதற்குப் பழகிய ஜனங்கள் இதற்கும் நாலைந்து நாளில் பழகிவிட்டார்கள். வீடுகளில் சண்டை சுருங்கியது, ஒரு ஆள் கோபத்தில் எழுந்து நின்று, கையை ஓங்கி, கிளிக் குரலில் "இந்த வீட்ல யாரு ஆம்பள?" என்று கேட்டால், அவனாலேயே அதற்கு மேல் போக முடியவில்லை. வாசலில் படுக்கிற நாய்கள் ஆண்கள் விரட்டினால் எழுந்திருப்பதை நிறுத்தின. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் எந்த வீட்டில் மணியடித்தாலும் "அம்மா இருக்காங்களா தம்பி?" என்று அறுபது வயசுக்காரர்களைக் கேட்டார். ஞாயிறு திருப்பலியில் கடற்பட்சியின் ஆண்கள் ஒரே வரிசையில் நின்று பாட, வேற்றூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஃபாதர் மனம் உருகி, "வானத்துச் சம்மனசுகள் மாதிரி பாடுறீங்க, இப்படியே தொடர்ந்து பாடுங்க" என்றார். சம்மனசுகள் மீசையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் மேலும் கீழும் ஓரிடத்தில் சேர்ந்து, கேட்கிறவருக்குக் குரல் முழுசாகத் தோன்றும் என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தார்கள். அதோடு ஜொவிட்டாவின் கூடம் போனது. மருமகனிடம் போனில் பேச வேண்டியவர், வங்கி மேலாளரை மிரட்ட வேண்டியவர், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டில் ஆம்பளை ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டியவர் என்று ஒவ்வொருவராக வந்து அவள் சோபாவில் உட்கார்ந்து, ஆண்டவர் படத்தின் பக்கம் சாய்ந்துகொண்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம் கனமாகப் பேசிவிட்டுப் போனார்கள். பால்துரை ஒரு நேர அட்டவணை எழுதிப் படிக்கட்டில் ஒட்டினார். முதல் இரண்டு நாள் ஜொவிட்டா டீ கொடுத்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் கொடுத்தாள். நாலாம் நாள் குழாய் இருக்கிற இடத்தைக் காட்டினாள்.

அவள் பாட்டைப் போட்டால், பேஸ் கிடாருக்காகக் காத்திருந்த அந்த இடத்திலிருந்து பன்னிரண்டு வீட்டு ஆண்களும் வந்தார்கள். அவர்கள் எங்கே இருந்து பேசினாலும் அடிப்பாகம் இங்கே வந்து விழுந்தது. துறைமுகத்தில் ஒருவர், பெட்ரோல் பங்கில் ஒருவர், மொட்டை மாடியில் யாருக்கும் தெரியாமல் போன் பேசுகிற ஒருவர். வார்த்தை இல்லாததால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது, ஆனால் எப்படிச் சொன்னார்கள் என்பது நன்றாகத் தெரிந்தது. மாடியில் பால்துரை "நல்லா இருக்கேம்மா, எனக்கென்ன கொறை" என்று மகளிடம் கீச்சிடுவது ஜன்னல் வழியாகக் கேட்கும், அதே நேரத்தில் பெட்டிக்குள் ஒரு ஆள் துவண்டுபோய் உட்காருவதும் கேட்கும். காலையில் அவர்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தவள், சாயங்காலம் குரலில் என்ன இருக்கிறது என்றும் தெரிந்துகொண்டாள். இரண்டையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்க விரும்பியது இது எதுவுமே இல்லை.

ரெமிஜியஸின் கதை வேறு. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் காலைப் பிரார்த்தனையில் அவர் மேடையேறி "அட்டேன்ஷன்" என்றார். அறுநூறு பிள்ளைகள் ஒரு நொடி அமைதியாக இருந்தார்கள், ஏனென்றால் அதைச் சொன்னது யார் என்று தேடினார்கள். பிறகு முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அது பின்வரிசைக்குப் போய், சுவரில் மோதி, ஆசிரியர்கள் வழியாகத் திரும்பி வந்தது. தலைமை ஆசிரியர் நல்லவர், சிரிக்கவில்லை. தொண்டை சரியாகிற வரைக்கும் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், குடியரசு தினத்துக்குள் சரியாகாவிட்டால் கட்டளைக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து ரெமிஜியஸ் மதியம் லீவு போட்டுவிட்டு வந்து, பெட்டியைக் கட்டிப்பிடித்த மாதிரி உட்கார்ந்து, "அட்டேன்ஷன், ஸ்டேண்ட் அட் ஈஸ்" என்று அதனோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் குரல் அவருடையது. எழுந்து வாசல் வரைக்கும் போனால் இல்லை.

இரண்டாம் வாரம் சங்கம் கூடியது. கார் நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு, பால்துரை ஒரு தீர்மானத்தைப் படித்தார்: மேற்படி பெட்டியில் குடியிருப்போர் அனைவருடைய உடைமையும் இருப்பதால், பெட்டியைப் பொது அறைக்கு மாற்றிச் சங்கத்தின் பராமரிப்பில் வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய தீர்மானத்தை அவ்வளவு சின்னக் குரலில் கேட்க எல்லோரும் முன்னால் குனிந்தார்கள்.

ஜொவிட்டா எழுந்தாள். "அண்ணாச்சி, பெட்டி என்னுது. உள்ள இருக்கது ஒங்களுது. ஒங்களுத எடுத்துட்டுப் போவ முடிஞ்சா இப்பமே எடுத்துட்டுப் போங்க, நான் ஒண்ணும் பிடிச்சு வைக்கல."

எல்லோரும் பால்துரையைப் பார்த்தார்கள். பால்துரை தீர்மானத்தை நாலாக மடித்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன். நாளைலேர்ந்து நாலு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் என் நேரம். நான் பாட்டு கேப்பேன். அந்த ஒரு மணி நேரம் இந்தப் பில்டிங்ல எந்த ஆம்பளையும் எங்க இருந்தும் வாயத் திறக்கக் கூடாது."

பெண்கள் பக்கத்திலிருந்து பதினோரு கைகள் தூக்கப்பட்டன. தீர்மானம் நிறைவேறியது.

ஐந்து மணிக்குப் பேச முதலிடம் வேண்டும் என்பவர்கள் நாலு மணிக்கே வந்து சோபாவில் இடம் பிடித்தார்கள். பேசக் கூடாது. போனைப் பார்த்தால் ஜொவிட்டா பார்ப்பாள், அவள் பார்வைக்கு ஊசி குத்துகிறவளின் பழக்கம் இருந்தது, ஆகவே போனையும் பையில் வைத்துவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டாள், மறுநாளும் அதையே போட்டாள். மூன்றாம் நாள், பாட்டு பாதி போயிருக்கும்போது, பால்துரை மெல்லச் சோபாவின் நுனிக்கு வந்தார். தலையைச் சாய்த்தார். அவருக்கு வேறு வேலையும் இல்லை.

"யம்மா" என்றார், விதியை மறந்து. "இந்தப் பாட்டுக்குள்ள கீழ ஒருத்தன் நடந்துக்கிட்டே இருக்கானே. அவ பாடுதத நிறுத்துனாலும் இவன் நிக்க மாட்டேங்கான். யாரு அவன்?"

வாசலில் நின்ற புஷ்பகாந்தி கையிலிருந்த முறத்தைக் கீழே விட்டாள். அது பால்துரையின் குரல், இருபத்தொன்பது வருஷத்து இருமல் எல்லாம் உள்ளே இருக்க, அடியும் மேலும் ஒன்றாக, அவர் வாயிலிருந்தே வந்தது.

"அதுதான் அண்ணாச்சி பேஸ் கிடார்" என்றாள் ஜொவிட்டா.

செய்தி ஐந்து நிமிஷத்தில் மூன்று மாடியும் ஏறி இறங்கியது. மறுநாள் நாலு மணிக்குக் கூடத்தில் உட்கார இடமில்லை, படிக்கட்டு வரைக்கும் நின்றார்கள். பாட்டு முடிந்ததும் ஒருவர் "ஆமா, கேக்குது, நல்லாக் கேக்குது" என்றார், கிளி மாதிரி. பொய் சொல்கிறவரை அவர் குரலே காட்டிக்கொடுத்தது. இன்னொருவர் யோசித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "அப்படியே நெஞ்சுக்குள்ள எறங்குது" என்றார், அதுவும் கிளிதான். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். வீடுகளில் பயிற்சி ஆரம்பித்தது; பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணுகிற மாதிரி பெண்கள் போனில் பாட்டைப் போட்டு, "இப்ப டும் டும்னு வருதுல்லா, அத விடாமப் பின்னாலயே போங்க" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்கள் எழுந்து, தங்கள் குரலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். வனஜா டீச்சர் முதல் தடவையே கேட்டுவிட்டு, அவசரப்பட்டுவிட்டோமோ என்று வருத்தப்பட்டாள். கீழ்வீட்டுப் பெண் ஒருத்தி தனியாக வந்து ஜொவிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, இவியளுக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டமான பாட்டாப் போடுங்க. இன்னும் நாலு நாளைக்குப் போதும்" என்று கேட்டுக்கொண்டாள். ஜொவிட்டா போட்டாள்.

இருபத்து நாலாம் தேதி பெட்டிக்குள் மிச்சமிருந்தது ரெமிஜியஸ் ஒருவர்தான்.

அவரால் முடியவில்லை. பாட்டு ஆரம்பித்த நாலாவது நொடியில் "இதுவா?" என்பார். பத்தாவது நொடியில் "வந்துட்டா, இனிமேதானா?" என்பார். விரலால் தொடையில் தாளம் போடுவார், தாளம் போடுகிற சத்தத்தில் பாட்டை விட்டுவிடுவார். பேஸ் கிடாரைப் பிடிக்க, மதில் ஏறிக் குதித்த மாணவனைப் பிடிக்கப் போகிற மாதிரி போனார்.

"எல்லாப் பயலுக்கும் கேக்குது. போலீஸ்காரனுக்குக் கேக்குது. எனக்கு மட்டும் ஏன் கேக்க மாட்டேங்கு?" என்றார். பெட்டி உறுமியது.

"தேடாதிய. சும்மா இருங்க, அது தானா வரும்."

"சும்மாதான இருக்கேன்."

"நீங்க சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல. இருவத்திரெண்டு வருஷத்துல நான் பேசுனத ஒரு தடவையாவது முழுசா..."

"முழுசாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன், எப்ப கேக்கல, எதச் சொல்லுத நீ?" என்றார் ரெமிஜியஸ்.

ஜொவிட்டா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்து போய்த் துணி மடித்தாள்.

குடியரசு தினத்தன்று அவர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேன்ட்டும் போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு போனார். கட்டளை கொடுக்க இன்னொரு பள்ளியிலிருந்து ஒருவரைப் போட்டிருந்தார்கள்; அவர் வருகிற வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. வேறு வழியில்லாமல் ரெமிஜியஸ் மைதானத்தின் நடுவில் போய் நின்று, வாயைத் திறக்காமல், விசிலை ஒரு தடவை ஊதிக் கையை உயர்த்தினார். இருநூறு கால்கள் ஒரே கால் மாதிரி எழுந்து ஒரே கால் மாதிரி விழுந்தன. கையை இடது பக்கம் காட்டினார், இடது பக்கம் திரும்பினார்கள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான அணிவகுப்பு நடந்ததில்லை என்று கலெக்டரே கைகுலுக்கினார். ரெமிஜியஸ் தலையை மட்டும் ஆட்டினார்.

பத்தரை மணிக்கு வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜொவிட்டா காப்பி கொண்டு வந்து வைத்தாள்.

"எப்படி நடந்துச்சு?"

"நல்லா நடந்துச்சு." டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "நான் கத்தலன்னாலும் நடக்குதுவ ஜொவி. எப்பவுமே அப்படித்தான் நடந்திருக்கும்போல."

 ஆறுதல் சொல்லலாம் என்று ஜொவிட்டா நினைத்தாள், சொன்னால் அது பொய்யாகக் கேட்கும் என்றும் பட்டது. லீவு நாள், அடுப்பில் வேலை இல்லை. போனை எடுத்து, அவருக்காக என்று இல்லாமல், தனக்காக அந்தப் பழைய பாட்டைப் போட்டாள்.

பெட்டிக்குள் இப்போது வேறு யாரும் இல்லை, உள்ளே இருந்த ஒரே ஆளும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாலு மணி நேரத்தில்கூட யாராவது எங்கேயாவது செருமிக்கொண்டிருந்தார்கள்; வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக இப்போதுதான் பெட்டியில் பேஸ் கிடார் மட்டும் கேட்டது. ஒவ்வொரு நரம்பும் விரலை விட்டு விலகுவது, அடுத்ததுக்கு நகர்வது, பாடுகிறவள் நீட்டும்போது கீழே பொறுத்து நிற்பது, எல்லாம் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இடது கை விரல்கள் மடியில் தானாக அமுங்கின. மூன்றாம் சரணத்தில், இரண்டாவது வரி முடிகிற இடத்தில், அவள் விரல் ஒரு பக்கம் போனது, பாட்டு வேறு பக்கம் போனது.

ஜொவிட்டா கண்ணைத் திறந்தாள். பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

ரெமிஜியஸ் நிமிர்ந்து பார்த்தார். "என்ன?" என்றார் கீச்சென்று.

"தப்பு விட்டிருக்கான்."

"யாரு?"

"பேஸ் வாசிச்சவன். ஒரு சுரம் தள்ளி அமுக்கிட்டான். அடுத்ததுலயே சுதாரிச்சு ஒண்ணும் தெரியாத மாதிரி போறான். இந்தப் பாட்டு வந்து நாப்பது வருஷம் இருக்கும். நானே ஐநூறு தடவ கேட்டிருப்பேன்."

"ஒருத்தருமா கண்டுபிடிக்கல?"

"அவன யாரு கேட்டா?"

ரெமிஜியஸ் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, ஷூவோடு காலை மடக்கிக்கொண்டு, பெட்டிப் பக்கமாக உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். "இன்னொரு தரம் போடு."

போட்டாள். அவர் இதுவா என்று சொல்லவில்லை, தொடையில் தாளமும் போடவில்லை. தாடையை முழங்காலில் வைத்துக்கொண்டு, சாவித்துவாரத்தில் பார்க்கிற ஆள் மாதிரி இருந்தார். முதல் தடவை பிடிபடவில்லை என்று கையாலேயே சைகை காட்டினார். இரண்டாம் தடவை புருவம் சுருங்கியது. மூன்றாம் தடவை, மூன்றாம் சரணம், இரண்டாவது வரி முடிகிற இடத்தில், அவர் விரல் ஒன்று மேலே எழுந்தது.

"இங்க" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை சொல்லி ஜொவிட்டா கேட்டதில்லை. அது அவர் வாயிலிருந்து வந்தது, முழுசாக, அடியோடு. பெட்டியில் பேஸ் கிடார் மட்டும் தன் தப்பைத் தாண்டி நடந்துபோய்க்கொண்டிருந்தது.

"பாவம் பய, எப்படித் தப்பிச்சிருக்கான் பாரு" என்றார் ரெமிஜியஸ் அதே மெதுவான குரலில். அவர் இன்னும் கவனிக்கவில்லை. அவருடைய முகம் பெட்டியின் பக்கமே இருந்தது. "மறுபடி போடு."

குரல் வந்துவிட்டது என்று சொல்ல ஜொவிட்டா வாயெடுத்தாள். சொன்னால் கத்துவார். பாட்டை முதலிலிருந்து போட்டாள்.